மேஸ்திரி கையில் மிஞ்சிய கல்

அக்டோபர் மாதம் முடியப்போகிறது என்றால் எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு பேச்சு தவறாமல் வரும். எண்பத்து நான்காம் வருடம் டெல்லியில் பிரதமரம்மாவைச் சுட்ட அன்றைக்கு யார் எங்கே இருந்தார்கள் என்கிற பேச்சு. ஒருவர் பஸ் நின்றுபோய்த் தொப்பூரிலிருந்து நடந்தே வந்ததைச் சொல்வார். ஒருவர் பள்ளிக்கூடத்தில் மணியடித்து வீட்டுக்கு அனுப்பியதைச் சொல்வார். ஒருவர் பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பி வருவதற்குள் சேதி வந்துவிட்டதையும், அந்தக் காப்பி கடைசிவரை வராததையும் சொல்லிச் சிரிக்க வைப்பார். எல்லாரும் முடித்த பிறகு என் பக்கம் திரும்புவார்கள். நான், "ஆறாவது சத்தத்துல இருந்தேன்" என்பேன். பழைய ஆட்களுக்குப் புரியும். ஆழ்துளைக் கிணறு போடுகிற என் மகனின் போர்வண்டியில் வேலை செய்யும் பையன்கள் மட்டும் முழிப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்குமேல் என்னைப் படிக்க வைத்தது பாறை. இன்றைக்கு என் பேரில் இரண்டு கம்ப்ரசர் டிராக்டரும், பிள்ளை பேரில் ஒரு போர்வண்டியும், காங்கிரீட் தார்சு போட்ட வீடும் இருக்கின்றன. யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. நல்லம்பள்ளியைச் சுற்றி நான் வெடி வைத்து ஆழப்படுத்திய கிணறுகளை இன்றைக்கும் விரலைக் காட்டிச் சொல்வார்கள். சித்தேரி மலைப்பாதையில் ஒரு வளைவில் பஸ் திரும்ப முடியாமல் ஒரு பாறை மறித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த புளியமரத்தில் ஒரு இலை வாடாமல் அதைப் பிளந்து போட்டவன் நான்தான். நம்பாதவர்கள் போய் மரத்தைப் பார்க்கலாம். முக்கியமாக ஒன்று. என் செட்டில் வேலை செய்த ஒருவனுக்கும் கைவிரல்கூடப் போனதில்லை. இந்தத் தொழிலில் இதைச் சொல்லிக்கொள்ளக் கூடியவர்கள் அதிகம் இல்லை.

ஆனால் அந்தப் பெருமையில் பாதி மாதப்பன் மேஸ்திரிக்குப் போக வேண்டும். அதை நான் மறைக்கமாட்டேன்.

கல் சுமக்கிறவனாக அவரிடம் சேர்ந்தேன். பிறகு கிரேன் இழுத்தேன், பிறகு குழி போட்டேன், கடைசியில் திரி பற்றவைக்கிற ஆளானேன். மேஸ்திரி ஒல்லியான மனிதர். வீட்டில் கன்னடம் பேசுவார், எங்களோடு தமிழ். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்பாக வேலை செய்தால் திட்டமாட்டார். நம் கையிலிருந்து சம்மட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "போய் சாப்புட்டு வா" என்பார். காலை எட்டு மணிக்கு அப்படிச் சொன்னால் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

கிணற்று வெடியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கிணற்றின் அடிப்பாறையில் குழிகள் போட்டு, மருந்து இறக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு திரி விடுவோம். திரிகளின் நீளம் ஒன்றுபோல இருக்காது. ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி. பற்றவைப்பவன் பீடிக் கங்கால் எல்லாத் திரியையும் தொட்டுவிட்டு, பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற கல்படியில் கால் வைத்து மேலே ஏறி வந்துவிட வேண்டும். அதன் பிறகு மேலே இருப்பவர்களுக்கு ஒரே வேலைதான்: எண்ணுவது. எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் ஒன்று கீழே தூங்குகிறது என்று அர்த்தம். தூங்குகிற வெடி எப்போது கண் விழிக்கும் என்று அதற்கே தெரியாது. அன்றைக்கு ஒருத்தரும் இறங்கக் கூடாது.

இதற்கு மேஸ்திரி ஒரு முறை வைத்திருந்தார். எத்தனை குழியோ அத்தனை கூழாங்கல்லைக் கையில் வைத்துக்கொள்வார். ஒரு சத்தத்துக்கு ஒரு கல்லைக் கீழே விடுவார். கடைசிக் கல்லும் விழுந்த பிறகு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி விரித்துக் காட்டுவார். வெறுங்கையைப் பார்த்தால் இறங்கலாம். மூடிய கையைப் பார்த்தால் வீட்டுக்குப் போகலாம். எங்கள் செட்டுக்கு மட்டுமில்லை, கிணற்றுக்காரர்களுக்கும் இது பழகிப்போயிருந்தது. "கையில மிஞ்சுனது கெணத்துல மிஞ்சுனது" என்பார். அவருடைய அண்ணனுக்கு வலது கை மணிக்கட்டோடு முடிந்திருக்கும். அதைப்பற்றி அவர் பேசியதில்லை.

நான் என் பங்குக்கு விரலை மடக்கி எண்ணுவேன். அது என் சொந்த ஏற்பாடு. மேஸ்திரி அதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருப்பார்.

அவருக்கு டெல்லிப் பிரதமரம்மாமேல் தனிப் பிரியம். வீட்டில் மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் அந்த அம்மாவின் காலண்டர் படம் தொங்கும். ஒரு தேர்தல் சமயத்தில் ரோட்டோரம் நின்றவரைப் பார்த்து அந்த அம்மா காரிலிருந்து கை ஆட்டினாராம். "அத்தினி கும்பல்ல எனக்குத்தான் ஆட்டுனாங்க" என்பார். கிணற்றுமேட்டில் அவர் கையை விரித்துக் காட்டும்போதெல்லாம், "மேஸ்திரி கைச் சின்னத்தக் காட்டி ஓட்டு கேக்கறாருடா, அதுவும் ரெண்டு ஓட்டு" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். வெட்கப்பட்டுக்கொண்டே கையை இறக்குவார். நானோ எந்தக் கட்சிக்கும் இரண்டாவது தடவை ஓட்டுப் போட்டவனில்லை.

அன்றைய வேலை அதியமான்கோட்டைக்குத் தள்ளி, பெரிய ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் சவரியப்பன் காட்டில். அவருக்கு மல்பெரித் தோட்டம், பட்டுப்புழு வளர்ப்பு. மழை ஏமாற்றிவிட்டது. இலை காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் புழு பசியோடு தட்டில் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும் என்று அவர் மனைவி ஆரோக்கியமேரி சொல்லிக் கண்கலங்குவார். அதற்கு முதல்நாள் வெடியில் பாறை இடுக்கில் ஈரம் கண்டிருந்தது. இன்னொரு அடுக்கு பேர்ந்தால் ஊற்று திறந்துவிடும் என்று நானே சொல்லியிருந்தேன். என் வாய்ச்சொல் அதுவரை பொய்த்ததில்லை. அதனால் சவரியப்பன் காலையிலிருந்து சாப்பிடாமல் கிணற்று மேட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

நாங்கள் கீழே இருந்தோம். கம்ப்ரசர் சத்தத்தில் வெளியுலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது. வெயில் சாயும் நேரம் ஏழு குழியும் தயார். எல்லாரையும் மேலே அனுப்பிவிட்டு, நான் திரிகளைத் தொட்டுவிட்டு ஏறி, மேட்டைச் சுற்றி மேஸ்திரி பக்கம் வந்தேன். மேஸ்திரி ஏழு கல்லோடு நின்றார். சவரியப்பன் கிணற்றுக்கு எதிர்க்கரையில், படி இருக்கும் பக்கம், ஒரு வேப்பமரத்தின் பின்னால் நின்றார்.

முதல் சத்தம். கல் விழுந்தது. என் விரல் மடங்கியது. இரண்டு, மூன்று, நான்கு.

அப்போது வரப்பில் ஆரோக்கியமேரி ஓடி வந்தார். கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனவர், காலி டின்னோடு திரும்பி வருகிறார். அது வெடி நேரம் என்பதே அவருக்கு நினைவில் இல்லை. "அங்கியே நில்லுங்கம்மா!" என்று கத்தினேன். நின்ற இடத்திலிருந்தே அவரும் கத்தினார்.

"மேஸ்திரி! டெல்லியில அம்மாவச் சுட்டுட்டாங்களாம்! உசுரு போயிடுச்சாம்! கடையெல்லாம் சாத்திட்டாங்க!"

மெட்ராஸில் முதலமைச்சர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சமயம் அது. வந்தால் அங்கிருந்துதான் ஏதாவது சேதி வரும் என்று ஊரே பயந்துகொண்டிருந்தது. டெல்லியிலிருந்து வரும் என்று யார் நினைத்தார்கள்? மேஸ்திரி ஒரு கணம் அந்தப் பெண்ணையே பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் தூக்கித் தலையில் அடித்துக்கொண்டார். மிச்சமிருந்த கல்லெல்லாம் சிதறி விழுந்தது. "அய்யோ! யாருடா? யாருடா பண்ணுனது?" என்று விரித்த கைகளை வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றார். அவருடைய ஓலத்துக்கு நடுவில் ஐந்தாவது வெடித்தது. பிறகு ஆறாவது. என் இடக்கை முழுதும் மடங்கி, வலக்கையில் ஒரு விரல் மடங்கியிருந்தது.

ஏழாவது வரவில்லை.

எதிர்க்கரையில் சவரியப்பனுக்குப் பெண்டாட்டியின் குரல் கேட்கவில்லை. அவர் பார்த்தது ஒன்றைத்தான். மேஸ்திரி இரண்டு கைகளையும் தலைக்குமேல் விரித்திருக்கிறார். வெறுங்கை. சிரித்த முகத்தோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியில் கால் வைத்துவிட்டார்.

எந்தத் திருடனும் எந்த எதிரியும் அந்தக் கிணற்றுக்குள் ஒருத்தரை அவ்வளவு சுலபமாக இறக்கியிருக்க முடியாது. மேஸ்திரியின் கை இறக்கிவிட்டது.

அப்படி நான் ஓடியது வாழ்நாளில் ஒரே தடவைதான். மேட்டைச் சுற்றி ஓடிப்போய், மூன்றாம் படியில் இருந்தவரைச் சட்டைக் காலரோடு பிடித்து மேலே இழுத்தேன். சட்டை கிழிந்தது.

"ஏன்டா, பைத்தியமா ஒனக்கு? மேஸ்திரியே கையக் காட்டிட்டாரு!"

"அவரு அழுவறாருங்க. அது வேறங்க. ஒண்ணு இன்னும் வெடிக்கல."

"மேஸ்திரி பெருசா நீ பெருசா? உடு, தண்ணி வாசம் வருது பாரு!"

வாசம் வந்தது நிஜம். புகைக்குள்ளே ஈரமண் வாசம். அந்த மனிதர் என் கையைக் கடிக்காத குறை.

இதற்குள் ரோட்டுப் பக்கமிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். லாரிகளை நிறுத்திக்கொண்டு நின்ற கூட்டம் அது, கையில் கறுப்புத் துணியும் கம்பும். முன்னால் வந்தவர் கோவிந்தன், டீக்கடைக்காரர், அந்த அம்மாவின் கட்சிக்கு எங்கள் பக்கத்தில் அவர்தான் எல்லாம். சவரியப்பன் எதிர்க்கட்சி. ஒரே ஊரில் இருந்துகொண்டு இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. துக்கத்தில் இருந்தவர்கள் காதில் வரிசையாகப் படார் படார் என்று வெடிச்சத்தம் விழுந்தால் என்ன நினைப்பார்கள்?

"ஏன்டா சவரியப்பா," என்றார் கோவிந்தன். "ஊரே எழவு வூடாட்டம் கெடக்குது. தீவாளிக்கு மிச்சம் வெச்சிருந்த வெடிய இன்னிக்குத்தான் கொளுத்தணுமா ஒனக்கு? சிரிச்சிகினு வேற நிக்கறே?"

சவரியப்பன் விழித்தார். "எழவா? யாருக்கு எழவு?"

"நடிக்கறான் பாரு!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கம்பை ஓங்கினான். ஆரோக்கியமேரி ஓடிவந்து குறுக்கே விழுந்து விஷயத்தைச் சொன்னார். சவரியப்பன் முகம் மாறியது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் கோவிந்தனைப் பார்த்ததும் ரோசம் வந்துவிட்டது.

"கெணத்துக்கு வெச்ச வெடிடா இது. சந்தேகம்னா வா, கீழ எறங்கிக் காட்டறேன். பேர்ந்த பாறையப் பாரு."

"வரேன்டா. பட்டாசுக் காயிதம் கெடந்துச்சுன்னா ஒன்ன அங்கியே பொதைக்கறேன்."

இரண்டு எதிரிகளும் ஒரே படிக்கு வந்தார்கள். ஒருத்தர் மானத்தைக் காப்பாற்ற இறங்கப் பார்க்கிறார், இன்னொருத்தர் துக்கத்தைத் தீர்க்க இறங்கப் பார்க்கிறார். பின்னால் இன்னும் நான்கைந்து பேர். நான் படிக்கு முன்னால் கையை மடக்கியபடி நிற்கிறேன்.

"எறங்காதீங்க. ஆறுதான் வெடிச்சுது. ஏழாவது உள்ள கெடக்குது."

"இவன் யாருடா, கைய மடக்கிக் கணக்குப்பாடம் நடத்தறான்?" என்றான் கம்புக்காரன். சிலர் சிரித்தார்கள். அந்த நேரத்திலும் சிரித்தார்கள்.

"ரெண்டு சேந்தாப்பல வெடிச்சிருக்கும்டா," என்றார் சவரியப்பன். "எத்தினி தடவ அப்பிடி ஆயிருக்குது."

ஆயிருக்கிறது. அதுதான் என்னை உலுக்கியது. இரண்டு ஒன்றாகச் சேர்ந்தால் காதுக்கு ஒன்றாகத்தான் கேட்கும். அதற்கென்று ஒரு கனம் உண்டு. அந்தக் கனம் ஆறில் ஒன்றிலும் இல்லை. இதை நான் யாருக்கு எப்படி விளக்குவேன்? கோவிந்தன் என் தோளைத் தள்ளி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார்.

"இளிபேட! இளிபேட!"

மேஸ்திரி. இறங்காதே என்று தன் வீட்டுப் பேச்சில் கத்துகிறார். அவர் சத்தம் போட்டு அன்றைக்குத்தான் கேட்டேன். எல்லாரும் நின்றுவிட்டார்கள். கண்ணீரைத் துடைக்காமலே நடந்து என்னிடம் வந்தார்.

"எத்தன?"

"ஆறுங்க மேஸ்திரி."

"நான் கத்தும்போதும் எண்ணுனியா?"

"எண்ணுனங்க."

கோவிந்தன் குறுக்கிட்டார். "மேஸ்திரி, நீங்க நம்ம ஆளு. நீங்க சொல்லுங்க. ஏழும் வெடிச்சுதா இல்லியா?"

"எனக்குத் தெரியாதுப்பா. நான் எண்ணல," என்றார் மேஸ்திரி. "இவன் எண்ணுனான்."

பிறகு அவர் நின்றிருந்த இடத்துக்குத் திரும்பிப் போய்க் குனிந்தார். சிதறிக் கிடந்த கற்களில் ஒன்றைத் தேடி எடுத்தார். கையை மூடி, எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

"ஒண்ணு என் கையில இருக்குது. யாரும் எறங்கக் கூடாது."

எனக்குப் பிற்காலத்தில் மாலை போட்டிருக்கிறார்கள், பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். 'இவன் எண்ணுனான்' என்ற இரண்டு சொல்லுக்கு அவையெல்லாம் உறை போடக் காணாது.

மூடிய கையைப் பார்த்ததும் சவரியப்பன் பின்வாங்கினார். அவர் பின்வாங்கியதைப் பார்த்துத்தான் கோவிந்தனுக்கு நம்பிக்கை வந்தது. தண்ணீருக்காகச் செத்துக்கொண்டிருக்கிறவன் தண்ணீர்ப் பக்கமிருந்து விலகி நடந்தால் அது நடிப்பாக இருக்க முடியாது. படியில் வைத்த காலைக் கோவிந்தன் எடுத்துக்கொண்டார்.

எல்லாரும் தள்ளிப்போய்க் காட்டோரப் பனைமரங்களுக்கு அடியில் உட்கார்ந்தோம். திரும்பிப் போக ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. ஆரோக்கியமேரி டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். வெகுநேரம் வீணையும் ஷெனாயும்தான் வந்தது. அப்புறம் செய்தியில் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் புரளியாக இருக்கக் கூடாதா என்ற நினைப்பு எல்லாருக்கும் இருந்தது. கோவிந்தன் முகத்தைக் கம்பின்மேல் வைத்துக் குலுங்கினார். சவரியப்பன் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். குடத்தில் இருந்த கடைசித் தண்ணீர் அது. கோவிந்தன் குடித்தார்.

நான் அழவில்லை. என் காது இன்னும் கிணற்றுப் பக்கமே இருந்தது. இன்றைக்கு யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நாட்டுக்கே துக்கம் வரும்போது எல்லாரும் அழுதுகொண்டிருந்தால் யாராவது ஒருத்தன் எண்ணிக்கொண்டும் இருக்க வேண்டியிருக்கிறது. அவனுக்குத் துக்கம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அது அவனிடம் பிறகு வந்து சேர்கிறது. எனக்கு வந்து சேர்ந்த விதத்தைத்தான் கடைசியில் சொல்லப்போகிறேன்.

டெல்லியில் தகனம் முடியும்வரை மிஷின் சத்தம் வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அந்த நாட்களில் கிணற்றில் ஊற்று திறந்து தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. என் வாய்ச்சொல் பொய்க்கவில்லை என்றேன் அல்லவா? ஆனால் சவரியப்பன் மேட்டில் நின்று அதைப் பார்க்கலாமே தவிர, ஒரு குடம் மொள்ளவில்லை. அவருடைய புழுக்களுக்கு ஊரார் இலை கொடுத்தார்கள். கோவிந்தனின் மச்சான் தோட்டத்திலிருந்தும் ஒரு கூடை வந்தது. மேஸ்திரி அந்தக் கல்லை வேட்டி முனையில் முடிந்துகொண்டு திரிந்தார். சாப்பிடும்போதும் அது அவர் மடியில் கிடக்கும்.

"தண்ணியில ஊறிச் செத்திருக்கும்ங்களே மேஸ்திரி?" என்று ஒருத்தன் கேட்டான்.

"செத்துச்சான்னு கேக்க நீ போறியா?" என்றார்.

துக்கம் கழிந்ததும் ஆயில் என்ஜினை வைத்துத் தண்ணீரை இறைத்தோம். மேஸ்திரி தனியாக இறங்கினார். "நான் வரங்க" என்றேன். கையிலிருந்த சம்மட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "போய் சாப்புட்டு வா" என்றார். நான் போகவில்லை. மேலே வந்தபோது அவர் முகம் மண்சுவர் மாதிரி இருந்தது.

"கெடக்குது," என்றார். "மருந்து நெறைய, குழி முழுசா கெடக்குது. படியில இருந்து எறங்குனா மொதல்ல கால் வெக்கற எடம்."

அப்போது என் மார்பு எத்தனை அங்குலம் விரிந்தது என்று கேட்காதீர்கள்.

தூங்குகிற வெடியைத் தோண்டி எடுக்கக் கூடாது. பக்கத்தில் எட்டியிருந்து இன்னொரு குழி போட்டு வெடித்தால், அது போகும்போது இதையும் கூட்டிக்கொண்டு போகும். அந்தக் குழியை மிஷின் இல்லாமல், கை உளியாலேயே, வேறு யாரையும் விடாமல் மேஸ்திரி போட்டார். திரியையும் அவரே பற்றவைத்தார். அதனால் மேட்டில் எண்ண வேண்டியவன் நான் என்று ஆயிற்று. ஆனால் ஏறி வந்ததும் என் பக்கத்திலேயே நின்று, வேட்டி முனையை அவிழ்த்துக் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டார்.

சேதி தெரிந்து கோவிந்தனும் வந்திருந்தார். சவரியப்பனுக்குப் பக்கத்தில் நின்றார். பேசிக்கொள்ளவில்லை, ஆனால் பக்கத்தில் நின்றார்.

சத்தம் வந்தது. ஒன்று, ஆனால் இரண்டின் கனம். காலடியில் நிலம் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தது. மேஸ்திரி கையைத் திறந்து கல்லைக் கீழே விட்டார். பிறகு வழக்கம்போல இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி விரித்தார்.

வெறுங்கை. இறங்கலாம். கீழே ஊற்றுச் சத்தம் மேட்டுவரை கேட்டது.

ஆனால் அந்தக் கைகள் கீழே இறங்கவில்லை. விரித்தபடியே நின்றன. அவர் அழ ஆரம்பித்திருந்தார், சேதி வந்த அன்றைக்கு மாதிரியே. அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது. எதிர்க்கரையில் சவரியப்பனைப் பார்த்தேன். ஒரு காலைப் படிப்பக்கம் வைத்தவர், மேஸ்திரியின் கையைப் பார்த்துக்கொண்டே அதைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். கோவிந்தன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

மேஸ்திரி அழுது முடித்துக் கையை இறக்கும்வரை யாரும் இறங்கவில்லை.